இழுப்பறைக்குள் ஓர் உயிர்

சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறில் இருக்கும் என் மருமான் மயிலாப்பூருக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவன். காரணமில்லாமல் மாமாவைப் பார்க்க வருகிறவன் அல்ல. காப்பியைக் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, ஒரு ஒத்தாசை பண்ணணும். உங்க புஸ்தக அலமாரி எல்லாம் பண்ணிக் கொடுத்தாரே ஒரு ஆசாரி, அவர் இன்னும் இருக்காரா?"

"இருக்கிறார். மந்தைவெளிப் பக்கம்தான். என்ன, உனக்கும் புஸ்தகப் பைத்தியம் பிடித்துவிட்டதா?"

அவன் பதில் சொல்லாமல் ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். ஆறடி உயரத்தில் ஓர் அலமாரியின் படம். ஐந்து அடுக்கு, அடுக்குக்கு இரண்டாகப் பத்து இழுப்பறைகள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அரை அடி உயரம். அளவெல்லாம் துல்லியமாகப் போட்டிருந்தது. எனக்கு ஒரு சந்தோஷம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆணி அடிக்கக்கூட ஆளை அழைக்கிறார்கள். இவன் அலமாரிக்குத் தானே படம் போட்டிருக்கிறானே என்று நினைத்தேன்.

"துணி வைக்கவா?" என்றேன்.

"இல்லை மாமா. பாம்பு வைக்க."

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். நானும் திடுக்கிடவில்லை. உண்மையைச் சொல்வதானால், திடுக்கிடாதது போல் உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வீம்பு உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் "அப்படியா?" என்று கேட்டு வைக்க வேண்டும், பழைய பஞ்சாங்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வீம்பினால்தான் அன்று ஆசாரியை அழைத்து அனுப்பினேன். அந்த வீம்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவன் வளர்ப்பது 'பால் பைத்தான்' என்னும் ஜாதி. பால் என்றதும் நாம் புற்றில் ஊற்றும் பால் என்று எண்ணிவிட வேண்டாம். இது இங்கிலீஷ் 'பால்', அதாவது பந்து. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு. மூன்றிலிருந்து ஐந்தடிவரை வளரும். விஷம் கிடையாது. பயந்துவிட்டால் தலையை நடுவில் வைத்து உடம்பை இறுக்கிப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதனால் அந்தப் பெயர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும்.

ஆசாரி வந்தார். படத்தைப் பார்த்தார். என்ன சாமான் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். கோபமோ பயமோ இல்லை. யோசிக்கும்போது அவர் அப்படிச் செய்வது வழக்கம்.

"தம்பி, பாம்பு எத்தனை அடி இருக்கும்?"

"நாலடி இருக்கும்."

"இழுப்பறை ரெண்டரை அடிதானே போட்டிருக்கீங்க?"

"ஆமாம்."

"அப்ப அது எப்பத்தான் நீட்டிப் படுக்கும்?"

மருமான் சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கட்டில் செய்ய வந்தால் படுக்கிற ஆளின் உயரத்தைக் கேட்பது தச்சனின் தர்மம். அவர் தம் தொழிலுக்கு உரிய கேள்வியைத்தான் கேட்டார். நாங்கள் இரண்டு படித்தவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு மருமான் பொறுமையாக விளக்கினான். அவன் கட்சியையும் நான் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாம்பு காட்டில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடக்கும் பிராணி. வெட்டவெளி அதற்குப் பிடிக்காது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெரிய பெட்டியில் விட்டால் மிரண்டுபோய்த் தீனி எடுக்காமல் கிடப்பதுண்டு. இருட்டான சிறிய இழுப்பறையில் விட்டால் நிம்மதியாகச் சாப்பிடும், முட்டை இடும். சுத்தம் செய்வதும் சுலபம். சீமையில் பாம்பு வளர்த்து விற்கிறவர்கள் நூற்றுக்கணக்கான பாம்புகளை இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் கேட்டபின் எனக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை. ஆசாரியை நான்தான் சமாதானப்படுத்தினேன்.

அலமாரி உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். அதில் எத்தனை சாமர்த்தியம் இருக்கிறது என்று தெரிந்தால்தான், சாமர்த்தியம் வேறு, தர்மம் வேறு என்பது விளங்கும். தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் சட்டம். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அலைந்து ஒரே அளவான பத்துப் பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கினோம். தொட்டிகளுக்கு மூடி கிடையாது. மேலே இருக்கும் பலகையே மூடி. தொட்டியின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகித அட்டை நுழையும் இடைவெளிதான் இருக்கலாம். கூடினால் பாம்பு தலையை நுழைத்து வெளியே வந்துவிடும். குறைந்தால் தொட்டி சிக்கிக்கொள்ளும். "ஐப்பசி மழையிலே பலகை ஊதும் சார், அதுக்கும் சேர்த்து இடம் விடணும்" என்றார் ஆசாரி. காற்றுக்காகத் தொட்டிகளின் பக்கவாட்டில் சூட்டுக்கோலால் துளை போட்டோம். பின்புறத்தில் மின்சாரத்தால் சூடாகும் பட்டையை ஒட்டி, அந்தச் சூடு 32 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு கருவியை வைத்தான் மருமான். தொட்டியின் பின்பாதி வெதுவெதுப்பாகவும் முன்பாதி சற்றுக் குளிர்ந்தும் இருக்க வேண்டுமாம்.

சென்னைப் பட்டணத்துக் கோடையில் சூடேற்றும் கருவியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வெயில் காலத்தில் அறையே கொதிக்கும் ஆதலால், அறையைக் குளிர்விக்க ஒரு யந்திரம். குளிர்ந்த அறையில் இழுப்பறையைச் சூடாக்க ஒரு பட்டை. இரண்டும் இரவு பகலாக ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றுவிட்டால் இரண்டும் நிற்கும். என் தங்கை மடியாகச் சமைக்கும் வீட்டில், உறைந்த எலிகளை வைப்பதற்கென்று இரண்டாவது குளிர்பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. அவள் அதைப் பற்றி என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அடையாறுக்குப் போனேன். அலமாரியைக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பார்க்க வேண்டும் என்று எனக்கும்தான். இருட்டறை. இழுப்பறைகளின் முகப்பில் சிறு சீட்டுகள். அவற்றில் பாம்பின் ரகம், பிறந்த வருஷம், கடைசியாகத் தீனி போட்ட தேதி. ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான். மஞ்சளில் வெள்ளை, சாக்லேட்டில் பொன்கோடு, சந்தன வண்ணம். பாண்டி பஜாரில் பட்டுப் புடைவைக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, "இந்தக் கலரைப் பாருங்கள்" என்பாரே, அந்த மாதிரி இருந்தது. இழுப்பான்; "இதைப் பாருங்கோ மாமா" என்பான்; தள்ளி மூடுவான்.

ஏழாவது இழுப்பறையை இழுத்தபோது உள்ளே இருந்த பாம்பு தலையைத் தூக்கிற்று. தூக்கிய தலை நிலைக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, திருகிக்கொண்டு, நடுங்கிற்று. நரம்புத் தளர்ச்சி வந்த கிழவர் காப்பி டம்ளரை எடுப்பதுபோல் இருந்தது.

"இதுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லை மாமா. இது 'ஸ்பைடர்' ரகம். இந்தக் கலருக்கு அந்த ஆட்டம் கூடவே வரும். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

சிலந்தி வலைபோல உடம்பில் கோடு விழ வேண்டும் என்று மனிதன் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்த ரகம் இது. அந்தக் கோட்டைத் தரும் மரபணுவே நரம்பையும் கெடுக்கிறது. கோடு வேண்டுமானால் நடுக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இது தெரிந்துதான் விற்கிறார்கள், தெரிந்துதான் வாங்குகிறார்கள். அதுவரையில் எனக்கு அலமாரி மட்டும்தான் கண்ணில் பட்டது. அன்றைக்குத்தான் பாம்பு கண்ணில் பட்டது.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

சுருண்டு கிடப்பது இந்தப் பாம்புக்குப் பிடிக்கும் என்பது முதல் வாதம். வளையில் பதுங்குவது உண்மை. ஆனால் இரவில் வளையை விட்டு வெளியே வருவதும் உண்மை. இரை தேடி ஊர்கிறது. துணை தேடி ஊர்கிறது. இளம் ஆண் பாம்புகள் மரம் ஏறிப் பறவைகளைத் தின்பதை ஆப்பிரிக்கக் காடுகளில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் தூங்குகிறவன் என்பதற்காக, ஒருவனை வாழ்நாள் முழுவதும் படுக்கையறையில் பூட்டி வைத்தால், "அவனுக்குத் தூக்கம் பிடிக்குமே!" என்று சமாதானம் சொல்ல முடியுமா? பதுங்க இடம் வேண்டும் என்பது நியாயம். பதுங்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய இடமில்லை என்பது சிறை. நீள நீட்டிக்கொள்ளும் இடமாவது ஒரு பாம்புக்கு வேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் சமீப வருஷங்களில் எழுதி வருகிறார்கள். எங்கள் ஆசாரி எந்த ஆராய்ச்சியும் படிக்காமல் அதைச் சொல்லிவிட்டார்.

சாப்பிடுகிறது, முட்டை இடுகிறது, ஆகவே சௌக்கியமாக இருக்கிறது என்பது இரண்டாவது வாதம். ஜெயிலிலும் சாப்பிடுகிறார்கள். பஞ்சத்திலும் பிள்ளை பிறக்கிறது. நாய்க்கு வால் உண்டு, பூனைக்குக் குரல் உண்டு, துன்பத்தைச் சொல்லிவிடும். பாம்புக்கு இமைகூட இல்லை. கண்ணை மூடிக் காட்டவும் வழியில்லை. வாய் திறந்து முறையிடாத பிராணியை வைத்திருக்கிறவனுக்கு, முறையிடுகிற பிராணியை வைத்திருக்கிறவனைவிட இரண்டு மடங்கு பொறுப்பு. நாமோ அதன் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

மூன்றாவது வாதத்தை மருமான் மிகக் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னான். "மாமா, வடநெம்மேலியில் இருளர்கள் நல்ல பாம்பைப் பானைக்குள்ளே போட்டு வைக்கலையா? அது மட்டும் சரியா?"

நல்ல கேள்வி. மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் திண்டாடினார்கள். 1972-ல் கிண்டியில் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகரும் சில இருளர்களும் முயன்றதன் பயனாக, 1978-ல் அந்தச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து விஷம் எடுக்கிறார்கள். அதைக் கொண்டுதான் மருந்துக் கம்பெனிகள் விஷமுறிவு மருந்து தயாரிக்கின்றன. நம் தேசத்தில் பாம்புக் கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அதற்கு எதிராக நம்மிடம் இருக்கும் மருந்து அது ஒன்றுதான்.

நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். மண் பானைகள். பாதியளவு மணல். வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். பானை ஒன்றும் வைகுண்டம் அல்ல. பாம்புக்கு அது சிறைதான். ஆனால் அந்தச் சிறைக்குத் தேதி உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை விஷம் எடுக்கிறார்கள். பிறகு, அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கும் வனத் துறையின் அனுமதி வேண்டும். இத்தனையும் உயிர் காக்கும் மருந்துக்காக. மருமானே, உன் இழுப்பறைச் சீட்டில் பிறந்த வருஷம் இருக்கிறது, தீனி போட்ட தேதி இருக்கிறது. விடுதலைத் தேதி எங்கே இருக்கிறது?

விடுதலை செய்யவும் முடியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. ஆப்பிரிக்கப் பாம்பை அடையாற்றங்கரையில் விட முடியுமா? அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பிளாரிடா சாட்சி. வளர்ப்பதற்கென்று வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், சலித்துப்போன எஜமானர்களால் விடப்பட்டும், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. முயலும் ரக்கூனும் அங்கே அருகிப்போயின. கடைசியில் 2017 ஜனவரியில் அந்த அரசாங்கம் யாரை அழைத்தது தெரியுமா? நம் செங்கற்பட்டுச் சீமை இருளர்களை! மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போய், முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சீமையில் பணக்காரர்கள் அலமாரியில் வளர்த்த ஆசையின் குப்பையைக் கூட்ட, நம் ஊர் ஏழைகள் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. அந்த அலமாரியைத்தான் இப்போது நாம் அடையாறுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இவை எப்படி இங்கே வருகின்றன என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராமல் கிடந்த பெட்டிகளைத் திறந்தபோது, 45 பால் பைத்தான்களும் 8 சோளப் பாம்புகளும் மற்ற பிராணிகளும் இருந்தன. அதே வருஷம் ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் சாமானில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். அவற்றைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்திருந்தார்கள். கடத்தல்காரன் டப்பாவில் அடைத்தால் கொடுமை என்கிறோம்; வாங்கியவன் அதைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவில் அடைத்தால் பிரியம் என்கிறோம்.

சட்டம் இருக்கிறது. நம் நாட்டு நல்ல பாம்பையோ சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைத்திருக்க அது இடம் கொடுப்பதில்லை. அந்நிய நாட்டுப் பாம்புக்கு வெகு நாள் கேள்வி முறை இல்லாதிருந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்; 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. பால் பைத்தான் போன்ற பிராணிகளை வைத்திருக்கிறவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். பிறப்பையும் இறப்பையும் தெரிவிக்க வேண்டும். "உன் பத்துக்கும் பதிவு இருக்கிறதா?" என்று மருமானைக் கேட்டேன். "பண்ணணும் மாமா" என்றான். "வாங்கினதுக்கு ரசீது?" என்றேன். ஜன்னலைப் பார்த்தான்.

அவனை மட்டும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. பாம்பு விஷயத்தில் நம் சமூகம் முழுவதுமே கொஞ்சம் விசித்திரமானது. புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். பாலைத் தேடிப் பாம்பு வருவதில்லை. ஊற்றிய பால் உள்ளே இருப்பதை நனைத்துக் கெடுப்பதுதான் மிச்சம். மறுநாள் கொல்லையில் சாரை தென்பட்டால் கம்பைத் தூக்குகிறோம். என் பாட்டி பால் ஊற்றினாள். என் மருமான் பட்டையைச் சூடாக்குகிறான். இரண்டு பேரும் நல்லவர்கள். பாம்புக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. பாட்டிக்குப் புண்ணியம் வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் புதுமை வேண்டியிருக்கிறது. எனக்கோ, புதுமைக்குப் பயப்படாத மாமா என்ற பெயர் வேண்டியிருந்தது.

பாம்பின் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர்களுக்குச் சென்னையில் வழியா இல்லை? கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. வடநெம்மேலிக்குப் பஸ் போகிறது. மழைக் காலத்தில் அடையாறிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால், அடிக்காமல் வனத் துறைக்குச் சொல்லி அனுப்பும்படி நாலு குடித்தனக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். இதைச் செய்கிறவன் ஓர் ஆயுளில் பத்துப் பாம்புகளையாவது காப்பாற்றுவான். ஒன்றைக்கூட இழுப்பறையில் போட வேண்டியதில்லை.

போன மாதம் ஜன்னல் கதவைச் சரிபார்க்க ஆசாரி வந்தார். வேலையை முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர், திரும்பி நின்று கேட்டார்:

"தம்பி வீட்டுப் பாம்புங்க நீட்டிப் படுக்குதா சார்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

மருமான் இதைப் படிப்பான். தீபாவளிக்கு வராமல் இருந்தாலும் இருப்பான். தங்கை டெலிபோனில் சண்டை பிடிப்பாள். பரவாயில்லை. அவனுக்கு நான் சொல்வது இதுதான்: வனத் துறையிடம் போ. உள்ளதைச் சொல். நானும் கூட வருகிறேன். அலமாரிக்கு அளவு பிடித்தவர்களில் நானும் ஒருவன் என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே போனாலும் அவை ஆப்பிரிக்காவைப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பாவம் நம் கணக்கில்தான் நிற்கும். ஆனால் பதினோராவது பாம்பை வாங்காமல் இருப்பது உன் கையில் இருக்கிறது. அதுவரை, இன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு நடுச்சட்டங்களை எடுக்கச் சொல். இரண்டு இழுப்பறை இருந்த இடம் ஒன்றாகட்டும். ஒன்றேகால் அடி இரண்டரையாகும். அதில் மூலைக்கு மூலை பிடித்தால் மூன்றரை அடி கிடைக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்வார். அதுவும் போதாது, ஆனாலும் நாலடிப் பாம்புக்கு இன்றிரவு ஓரடி அதிகம்.